வாத்துக் கூட்டத்தில் ஆண்–பெட்டை கணக்கு தப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டில் வளர்க்கும் வாத்துக் கூட்டத்தில் சண்டை, காயம், முட்டைக் குறைவு என்று எது வந்தாலும் முதலில் ஆண்களை எண்ணுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும். குஞ்சாக வாங்கினாலும் வீட்டில் பொரித்தாலும் ஏறத்தாழ பாதி ஆணாகத்தான் வரும். அதுவும் சராசரிக்குத்தான் பொருந்தும். 6 குஞ்சு எடுத்தால் அதில் 5 அல்லது 6 ஆணாகவே அமைந்துவிட ஒன்பதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 4 மாதம் வரை எல்லாம் ஒற்றுமையாக மேயும். அப்புறம் ஆண்களுக்குப் பருவம் வரும், பெட்டைகளுக்குப் பாடு தொடங்கும்.

பொதுவாக ஒரு ஆணுக்கு 4 முதல் 6 பெட்டை. பெக்கின் போன்ற கனத்த இனத்துக்கு 4 அல்லது 5 போதும். ரன்னர், காக்கி கேம்ப்பெல் போன்ற ஒல்லியான, சுறுசுறுப்பான இனத்துக்கு 6, 7 கூடத் தாங்கும். குஞ்சு பொரிக்கும் எண்ணமே இல்லை, முட்டை மட்டும் போதும் என்றால் தேவையான ஆண்களின் எண்ணிக்கை பூஜ்யம். ஆண் இல்லாமலே பெட்டை அதே அளவு முட்டையிடும். இதை நம்பாமல் "முட்டைக்கு ஒரு ஆணாவது வேண்டாமா" என்று தேடிப்போய் ஆண் வாங்கிவந்து தொல்லையை விலைக்கு வாங்குகிறவர்கள் நிறைய.

பெட்டையின் பிடரியில் இறகு இல்லை, முதுகில் கீறல்

அதிகம் காணும் அறிகுறி இதுதான், காரணமும் பெரும்பாலும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஆண் மேலே ஏறும்போது விழாமலிருக்கப் பெட்டையின் பிடரி இறகை அலகால் கவ்விக்கொள்ளும். அதனால் சேதம் மண்டைக்குப் பின்னால், கழுத்தின் மேற்புறத்தில் தொடங்கி முதுகை நோக்கி இறங்கும்.

தூரத்தில் நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெட்டையைப் பிடித்து, இரண்டு சிறகையும் உடம்போடு அணைத்து, பிடரி இறகை வாலிலிருந்து தலைப்பக்கமாக எதிர்த்து வருடிப் பாருங்கள். மேல் இறகு ஒழுங்காகப் படிந்திருக்கும், அடியிலுள்ள தூவி மட்டும் போய்த் தோல் சிவந்து தெரியும். இன்னும் முற்றியிருந்தால் கறுத்த பொருக்கு விரலில் தட்டுப்படும். பிறகு ஒவ்வொரு சிறகாகத் தூக்கி, அது உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஏறி நிற்கும் ஆணின் நகம் வழுக்குவது அங்கேதான். சிறகு மூடியிருப்பதால் ஆழமான கீறல்கூட வெளியே தெரியாது. கண்ணையும் விடாதீர்கள். பிடரியைக் குறிவைத்த அலகு தவறிக் கண்ணோரம் பிடிப்பதுண்டு.

வேறு காரணமாக இருக்குமோ என்றால், இறகு உதிர்க்கும் பருவத்தில் உடம்பு முழுக்க ஆங்காங்கே கொட்டும், புதிய குருத்து இறகு முள் முள்ளாக முளைத்திருக்கும். பேன் என்றால் ஆசனவாயைச் சுற்றியும் சிறகடியிலும் தெரியும், வாத்து ஓயாமல் கோதிக்கொண்டே இருக்கும். பிடரி மட்டும் மொட்டையாக இருந்தால் ஆண்தான்.

தூவி லேசாகக் குறைந்திருந்தால் ஒரு வாரம் கவனியுங்கள். தோல் வெளியே தெரிந்தால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். பிரிப்பது ஆணைத்தான். பலரும் அடிபட்ட பெட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்ததாக நினைக்கிறார்கள்; அப்போது 5 பெட்டை மீதிருந்த சுமை 4 பெட்டை மீது விழுகிறது, அடுத்த வாரம் இன்னொரு பிடரி மொட்டையாகிறது. பெட்டையையும் பிரித்தே ஆக வேண்டும் என்பது தோல் கிழிந்திருந்தால் மட்டும். அப்போதும் அதைத் தனியாக விடாமல் சாதுவான இன்னொரு பெட்டையைத் துணைக்கு வையுங்கள். தனிமையில் வாத்து சரியாகத் தீனி எடுக்காது.

காயத்தை உப்புநீரில் கழுவுங்கள்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு. சேற்று நீரில் விடாமல், தலை முழுக நீர் மட்டும் ஒரு பாத்திரத்தில் கொடுங்கள். காயத்தில் ஈ உட்காராமல் பார்த்துக்கொள்வது முக்கியம், புழு வைத்துவிட்டால் ஓரிரு நாளில் கைமீறிப் போகும். சதை தெரிகிற காயமும் கண் காயமும் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டியவை.

இறகு திரும்ப வர எத்தனை நாள் என்பதில் ஒரு குழப்பம் உண்டு. வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் முளைத்துவிடும். பாதியில் முறிந்த இறகு அடுத்த உதிர்ப்புப் பருவம் வரை அப்படியே குட்டையாக நிற்கும். ஆகவே ஆணைப் பிரித்து ஒரு மாதமாகியும் பிடரி சரியாகவில்லையே என்று பதற வேண்டாம். தோலின் சிவப்பு தணிந்ததா, புதிதாக எதுவும் முறியாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் நிரந்தரத் தீர்வு. பெட்டையைக் கூட்டுவதா, ஆணைக் குறைப்பதா? உங்களிடம் 3 ஆண், 6 பெட்டை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆணுக்கு 5 பெட்டை என்று கொண்டுவர இன்னும் 9 பெட்டை வேண்டும், அதாவது கூட்டமே இரட்டிப்பாகும். இடம், தீனி, அழுக்கு நீர் எல்லாம் இரட்டிப்பாகும். இடநெருக்கடியே புதிய சண்டைக்கு வழிவகுக்கும். 2 ஆணை விலக்கினால் அன்றே 1க்கு 6. எனக்கு இதில் இரண்டாம் எண்ணமே இல்லை, ஆணைக் குறையுங்கள்.

எண்ணினால் சரியாக இருக்கிறது, ஆனாலும் தொல்லை தீரவில்லை

எண்ணியது ஆணைத்தானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். வால்மேல் சுருண்டு நிற்கும் இறகு ஆணின் அடையாளம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது வர 3, 4 மாதமாகும். இறகு உதிர்க்கும்போது அதுவும் உதிர்ந்துவிடும். பச்சைத் தலையுள்ள இனங்களில் ஆண்கள் இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும் அந்தப் பச்சையை இழந்து பெட்டை நிறத்துக்கு மாறி நிற்கும். குரல்தான் நம்பகமானது. 2 மாதம் தாண்டியதும் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பாருங்கள்: உரக்க, தெளிவாக "குவாக்" என்று கத்தினால் பெட்டை, தொண்டை கட்டியது போலக் கரகரத்தால் ஆண். மஸ்கோவி வாத்துக்கு இந்த இரண்டு விதியும் பொருந்தாது. அதில் சுருள் வால் கிடையாது, இரண்டுமே அதிகம் கத்தாது. ஆண் சீறும், உடம்பில் பெட்டையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும், முகத்தில் சிவந்த கழலைகள் பெரிதாக இருக்கும்.

சுருள் வால் உள்ளதெல்லாம் ஆண் என்றும் சொல்ல முடியாது. வாத்துகளில் பெட்டையின் அடங்கிய நிறத்தைக் காப்பது சினைப்பையில் சுரக்கும் ஹார்மோன்தான். வயதாலோ நோயாலோ சினைப்பை ஓய்ந்துபோனால் அந்தப் பெட்டைக்கு ஆணின் இறகு முளைக்கத் தொடங்கும். இப்படி மாறியதை ஆண் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கணக்கும் சரி, அடையாளமும் சரி. ஆனால் ஒரே பெட்டைதான் அடிபடுகிறது

இங்கேதான் 1க்கு 5 என்ற கணக்கு கைகொடுக்காது. ஆண் தன் நேரத்தை ஐந்தாகப் பங்கிட்டுக் கொடுப்பதில்லை. ஒன்றின்மேல் பிரியம் வைத்துவிட்டால் நாள் முழுக்க அதன் பின்னாலேயே சுற்றும். அல்லது ஓடித் தப்ப முடியாத பெட்டை எதுவோ அதுவே அகப்படும்: உருவில் சிறியது, காலில் புண் உள்ளது, புதிதாக வந்தது.

அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். காலையில் கொட்டகையைத் திறந்துவிட்ட உடனேயும் நீர்த்தொட்டியை நிரப்பிய உடனேயும் பார்த்தால் போதும், பெரும்பாலான ஏற்றம் அப்போதுதான் நடக்கும். பெட்டைகளின் காலில் வெவ்வேறு நிற வளையம் போட்டுவிட்டால் எது எது என்று குழம்பாது. கவனிக்க வேண்டியது எத்தனை முறை ஏறியது என்பதை மட்டுமல்ல, எப்படித் தொடங்கியது என்பதையும். இணக்கமான இணைவில் இரண்டும் எதிரெதிரே நின்று தலையை மேலும் கீழும் ஆட்டும். பிறகு பெட்டையே கழுத்தை நீட்டி நீரில் தட்டையாகப் படியும். முடிந்ததும் சிறகை அடித்துக் குளிக்கும். தலையாட்டல் இல்லாமல், ஓடும் பெட்டையைத் துரத்தி, மூலையில் முடக்கி ஏறினால் அது வன்மம். ஒரு ஆணிடம் துரத்தல் மட்டுமே தென்பட்டால் எத்தனை பெட்டை கொடுத்தாலும் அது திருந்துவது அரிது. 2 ஆண் இருந்தால் எதை வைத்துக்கொள்வது என்பதற்கு அழகைவிட, உடல் பருமனைவிட, இந்த அரை மணி நேரம் நல்ல விடை தரும்.

ஆணின் வயதையும் பாருங்கள். பருவம் வந்த முதல் சீசனில் இளம் ஆண்கள் எல்லாமே முரடாகத்தான் இருக்கும். பகல் நீளும் காலத்தில் வேகம் கூடும், குறையும் காலத்தில் தானே அடங்கும். முட்டைக்காகக் கொட்டகையில் விளக்குப் போட்டு 14, 16 மணி நேர வெளிச்சம் கொடுப்பவர்கள் ஆணையும் சேர்த்துத்தான் தூண்டிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு சாதுவாகிவிடும் ஆண்கள் நிறைய. எனவே முதல் சீசன் முழுக்கப் பகலில் வலைக்கு அப்பால் வைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் சேர்த்துவிட்டுப் பார்ப்பது நியாயமான சோதனை.

உருவப் பொருத்தமும் இதில் சேரும். மஸ்கோவி ஆண் 5 கிலோவைத் தாண்டும். ரன்னர் பெட்டை 2 கிலோதான் இருக்கும். அந்த எடை தரையில் முதுகின்மேல் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஜோடியை எந்தக் கணக்கும் சரிசெய்யாது, பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

அடைப்புக்குள் ஒளிய இடம் வேண்டும். நடுவில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தாலும், நாலு செடியை நட்டாலும், துரத்தும் ஆணின் பார்வை அறுபடும். கொட்டகைக்கு ஒரே வாசல் என்றால் இரண்டாவது வாசல் வையுங்கள். நீர்த்தொட்டியும் இரண்டாக இருக்கட்டும்.

முதுகுக் கவசத் துணியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். கோழிக்கு அது பயன்படும். நாளெல்லாம் நீரில் கிடக்கும் வாத்துக்கு ஈரத்துணியைக் கட்டிவிட்ட கதைதான். தவிர, அது முதுகை மூடுமே ஒழிய பிடரியை மூடாது.

நீரில் பெட்டையை அமுக்குகின்றன

இதற்குக் காத்திருக்கவே கூடாது. வாத்து நீரில் இணைவது இயல்பு, அப்போது பெட்டை ஒரு கணம் முழுகுவதும் இயல்பு. 2, 3 ஆண்கள் ஒரே நேரத்தில் ஏறினால் பெட்டையின் தலை நீருக்கு மேலே வராது, மூழ்கிச் சாகும். உபரி ஆண்களை அன்றே விலக்குங்கள். அதுவரை பெட்டை நின்றால் கழுத்தளவுக்கு மேல் வராதபடி நீரை இறக்கிவிடுங்கள். செங்குத்தான சுவருள்ள தொட்டி என்றால் உள்ளே கல் அடுக்கியோ சரிவுப்பலகை வைத்தோ பெட்டை ஓடி ஏற வழி செய்யுங்கள்.

பெட்டை நொண்டுகிறது

அதிக ஏற்றத்தால் இடுப்பும் காலும் சுளுக்கிக்கொள்வது சகஜம். ஆண் இல்லாத இடத்தில், மெத்தென்ற படுக்கையில் சில நாள் விட்டால் தேறும். ஆனால் ஆண்மேல் பழி போடும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கறுத்த பொருக்கோடு வீக்கம் இருந்தால் அது பாதப்புண். வளரும் குஞ்சுகளின் கால் வளைந்தால் தீனியில் நியாசின் என்ற வைட்டமின் போதாமையைச் சந்தேகியுங்கள். பெட்டை நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டிருந்தால் முட்டை அடைத்திருக்கலாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆண்கள் தங்களுக்குள் சண்டை

மார்போடு மார்பு மோதி, ஒன்றின் கழுத்தடியை மற்றது கவ்வி வட்டமடிப்பது பதவிச் சண்டை. ஓரிரு நிமிடத்தில் ஒன்று ஓடிவிட்டால் தலையிட வேண்டாம். இரத்தம் வந்தாலோ, தோற்றதைத் தீனிக்கும் நீருக்கும் விடாமல் மற்றது விரட்டிக்கொண்டே இருந்தாலோ பிரியுங்கள். 2 ஆண், 3 பெட்டை என்ற அமைப்புதான் எல்லாவற்றிலும் மோசம். அதே ஆண்களைப் பெட்டை கண்ணில் படாத இடத்தில் ஆண்கள் மட்டுமாக வைத்தால் பெரும்பாலும் அமைதியாக வாழும். பலர் இதை நம்பாமல் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கூண்டில் அடைக்கிறார்கள், அது அவசியமில்லை.

அடை வைத்த முட்டையெல்லாம் கூமுட்டை

இது எதிர்ப்பக்கக் கோளாறு என்று எல்லோரும் உடனே ஆணைக் கூட்டப் போவார்கள். கொஞ்சம் பொறுங்கள். புதிய முட்டை ஒன்றை உடைத்து மஞ்சள் கருவின்மேல் உள்ள வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். சிறிதாக, கெட்டியாக, ஒழுங்கற்ற ஓரத்தோடு இருந்தால் கருக்கூடவில்லை. நடுவில் தெளிந்து, சுற்றி வட்டம் போட்டதுபோல் இருந்தால் கருக்கூடியது. நாலைந்து முட்டையில் வட்டம் தெரிந்தால் ஆண்மேல் குறையில்லை. முட்டை 10 நாளுக்கு மேல் கிடந்ததா, அடைச்சூடு, ஈரம் சரியா என்று அங்கே தேடுங்கள்.

புள்ளி கெட்டியாகவே இருந்தால் ஆணைக் கவனியுங்கள். 6 மாதம் ஆகாத ஆண், வயதான ஆண், நொண்டும் ஆண், கொழுத்துப்போன ஆண் எல்லாமே காரணமாகலாம். பெக்கின் போன்ற கனத்த இனத்துக்கு நீந்தும் ஆழத்தில் நீர் இல்லாவிட்டால் இணைவு சரியாக நடக்காமல் போகலாம். ஒரு ஆணுக்கு 10 பெட்டை இருந்தால் குறை எண்ணிக்கையில்தான். ஆனால் ஆண் அதிகமானாலும் இதே விளைவு வரும்: ஒன்று ஏறும்போது மற்றது தள்ளிவிடும், எதுவும் முழுமையாக நடக்காது. கூமுட்டையும் மொட்டைப் பிடரியும் ஒரே கூட்டத்தில் தெரிந்தால் இப்படித்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மஸ்கோவியும் சாதாரண வாத்தும் கலந்து பிறந்த கலப்பின வாத்துகள் மலடு. அவற்றின் முட்டையை எத்தனை முறை அடை வைத்தாலும் பொரிக்காது. மஸ்கோவி முட்டை பொரிக்க 35 நாளாகும். மற்ற வாத்துக்கு 28. 30ஆம் நாளில் கூமுட்டை என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

ஆணை மாற்றிவிட்டு அடுத்த நாளே புதிய ஆணின் குஞ்சு வரும் என்று எண்ண வேண்டாம். பெட்டை பழைய ஆணின் விந்தை உடம்பில் சேமித்து வைத்திருக்கும், இரண்டு வாரம் வரைகூட அதுவே கருவாகும். தகப்பன் யார் என்பது முக்கியமென்றால் 3 வாரம் கழித்து முட்டை சேருங்கள்.

ஆணின் உறுப்பு வெளியே தொங்குகிறது

சேவலுக்கு இல்லாத ஒன்று வாத்துக்கு உண்டு: திருகாக நீளும் ஆணுறுப்பு. ஓயாத இணைவில் சில நேரம் அது உள்ளே திரும்பாமல் நின்றுவிடும். ஆணைத் தனியே எடுத்து, சுத்தமான வெதுவெதுப்பான நீரில் கழுவி, நீர்சார்ந்த வழுக்கும் களிம்பு தடவி, காய விடாமல் சுத்தமான நீரில் விடுங்கள். ஒரு நாளில் உள்ளே போகவில்லை என்றாலோ கறுத்தாலோ மருத்துவர் வேண்டும். உறுப்பை அகற்ற நேர்ந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை, சிறுநீர் அதன் வழியாகப் போவதில்லை. இனப்பெருக்கத்துக்கு மட்டும் உதவாது.

வாத்து கோழிமேல் ஏறுகிறது

அன்றே பிரியுங்கள். மேலே சொன்ன அதே உறுப்பு, அதற்கேற்ற உடலமைப்பு இல்லாத கோழியின் உள்ளே கிழித்துவிடும், கோழி செத்துப்போகும். பெட்டை வாத்தைக் கூட்டினால் கோழியை விட்டுவிடும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஆணே இல்லை, ஆனாலும் பெட்டை பெட்டைமேல் ஏறுகிறது

ஒன்றும் செய்ய வேண்டாம். தலைமையைக் காட்டும் வழக்கம் இது, பிடரியில் சேதம் வராத வரை சரி.

அடைப்பெட்டையையும் குஞ்சையும் ஆண் விடுவதில்லை

தீனிக்கு எழுந்து வரும் அடைப்பெட்டையை ஆண் மடக்கினால் அது கூட்டுக்குத் திரும்பத் தாமதமாகி முட்டை குளிர்ந்துவிடும். அடை தொடங்கியதிலிருந்து வலைத் தடுப்பு போடுங்கள். குஞ்சுகளை வளர்ந்த ஆணோடு விடாதீர்கள், மிதித்தோ கொத்தியோ கொன்றுவிடும்.

உபரி ஆண்களும் புதுப் பெட்டைகளும்

விலக்கிய ஆண்களுக்கு மூன்று வழிதான்: ஆண்கள் மட்டுமான தனி அடைப்பு, ஆண் தேவைப்படும் வேறு கூட்டம், அல்லது இறைச்சி. குளத்திலோ ஆற்றிலோ கொண்டுபோய் விட்டுவிடுவது தீர்வல்ல. வளர்ப்பு வாத்துக்குப் பறந்து தப்பத் தெரியாது, மஸ்கோவி போலப் பறப்பது என்றால் காட்டு வாத்தோடு கலக்கும்.

இடமிருந்து, பெட்டையைத்தான் கூட்டப் போகிறீர்கள் என்றால் வளர்ந்த பெட்டையாக, குரல் கேட்டு வாங்குங்கள். குஞ்சாக வாங்கினால் மறுபடி பாதி ஆண். புதியவற்றை 3, 4 வாரம் தனியாக வைத்து நோயில்லை என்று உறுதிசெய்த பிறகு ஒரு வாரம் வலைக்கு இப்பால் பார்வையில் வையுங்கள். ஒன்றிரண்டாகச் சேர்க்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுங்கள். ஒற்றையாகப் போகும் பெட்டைமேல்தான் ஆண் முதலில் பாயும். சேர்த்துவிடும் நாளில் ஆணை அடைத்து வைத்து, பெட்டைகள் தங்களுக்குள் வரிசை பிரித்துக்கொண்ட பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்துத் திறந்துவிட்டால் போதும்.